பழைய 1.8 டர்போ ஆக்டேவியா: ஐடிலிங் ஆடினால் எங்கே தேடுவது

செகண்ட் ஹேண்டில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை பரிச்சயம். சிக்னலில் நிற்கும்போது, அதாவது எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது, ஸ்டியரிங் லேசாக நடுங்கும். ஆர்பிஎம் முள் 800 பக்கம் நிற்காமல் 650க்கும் 1,000க்கும் போய் வரும். ஏசி போட்டால் இன்னும் மோசம். செக் எஞ்சின் லைட் எரியலாம், எரியாமலும் இருக்கலாம். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் ஒருவர் ஸ்பார்க் தரும் காயில் என்பார், அடுத்தவர் உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் என்பார், மூன்றாமவர் பானெட்டைத் திறக்காமலே “டர்போ போச்சு சார்” என்பார். மூன்று பேர் சொன்னதையும் மாற்றினால் பணம்தான் காலியாகும், நடுக்கம் அப்படியே இருக்கும்.

என் காருக்கும் இந்தப் பட்டியல் முழுதாகச் சொல்லப்பட்டது. கடைசியில் பிடிபட்டது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் எண்ணெயில் ஊறி உப்பிக் கிழிந்து கிடந்த ஒரு ரப்பர் முழங்கை. அதுவரை ‘செக்கிங் சார்ஜ்’ என்றே கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்குகூட அதன் விலை வராது. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள்: சென்சார் கணக்கில் வராத காற்று எந்தப் பக்கத்தில் நுழைகிறது என்று ரீடிங் பார்த்துத் தெரியும்வரை ஒரு பார்ட்டும் வாங்காதீர்கள்.

2004இல் இந்தியாவுக்கு வந்த ஆர்எஸ்ஸில் இருப்பது 150 குதிரைத்திறன், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் 20 வால்வு கொண்ட 1.8 டர்போ. அந்தக் காலத்து ஆடி ஏ4, ஆடி டிடி, பஸாட், கோல்ஃப் ஜிடிஐ ஆகியவற்றிலும் இதே குடும்பத்து எஞ்சின் உண்டு. ஏ4, பஸாட்டில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருப்பதால் குழாய்கள் இடம் மாறும், தேடும் முறை மாறாது.

1. முதலில் காகிதங்கள்

பானெட்டைத் திறக்கும் முன் டிக்கியைத் திறங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதே ஸ்டிக்கர் சர்வீஸ் புத்தகத்திலும் இருக்கும். அதில் மூன்றெழுத்து எஞ்சின் கோடு (code) உண்டு. போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். “ஆக்டேவியா 1.8 டர்போ ஹோஸ்” என்று கேட்டால் கடைக்காரர் கையில் கிடைப்பதைக் கொடுப்பார். இந்தக் குடும்பத்தில் எஞ்சின் கோடு மாறினால் ஹோஸின் வளைவும் மாறும். ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணும் பார்ட் எண்ணைத் தேட உதவும்.

ரேடியோ கோடு உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் ரேடியோ இருந்தால், பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் அது கோடு கேட்டு நின்றுவிடலாம். முந்தைய ஓனரிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

கடைசியாக எடுத்த புகைச் சான்றிதழைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தச் சீட்டில் கார்பன் மோனாக்சைடு சதவீதமும் ஹைட்ரோகார்பன் பிபிஎம்மும் அச்சாகியிருக்கும். கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவாகவும் ஹைட்ரோகார்பன் எக்கச்சக்கமாகவும் இருந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. லீன் மிக்ஸ்ச்சரோ (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஸ்பார்க்கோ காரணமாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் மிக்ஸ்ச்சர் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் நடுவில் இருப்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். சைலன்சரில் குழாயைச் சொருகாமலே சீட்டு அச்சிட்டுத் தரும் இடங்களும் உண்டு. அந்தச் சீட்டால் இதற்குப் பயனில்லை.

2. சாமான்களும் செலவும்

விலைகளைத் தோராயமாகத்தான் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும்.

முக்கியமானது ஸ்கேனர். 500 ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி டப்பா இந்தக் காரில் பல சமயம் இணையவே இணையாது. இந்தக் கார்கள் பேசுவது பழைய கே-லைன் முறை, மலிவான நகல் டப்பாக்கள் பலவற்றில் அது சரியாக வேலை செய்வதில்லை. காரில்தான் வயரிங் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைக்கும் கேகேஎல் யுஎஸ்பி கேபிளும் ஒரு பழைய லேப்டாப்பும் இருந்தால் விசிடிஎஸ் லைட் மென்பொருளில் ரீடிங் எல்லாம் பார்க்கலாம்.

மேனிஃபோல்டின் உறிஞ்சு சக்தியை அளக்கும் வேக்கம் கேஜ் ஒன்று, ஏறத்தாழ ஆயிரம். ஹோஸை நசுக்கிப் பிடிக்க மழுங்கிய வாய் கொண்ட கிளாம்ப் பிளையர் ஒன்று. சாதா கட்டிங் பிளையரால் பிடித்தால் பழைய ரப்பர் அங்கேயே விண்டுவிடும், இருக்கிற கசிவோடு புதுசு ஒன்று சேரும். டார்ச், சின்னக் கண்ணாடி, சோப்புத் தண்ணீர் ஸ்பிரே, ஒரு மீட்டர் வேக்கம் டியூப். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடியும்.

நேரத்தைப் பொறுத்தவரை, முந்தின இரவே காரை நிறுத்திவிட்டுக் காலையில் தொடங்குங்கள். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் தெரியும் கசிவு உண்டு, சூடானதும் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும். அரை நாள் ஒதுக்குங்கள்.

ரேடியேட்டர் ஃபேன் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும். லுங்கியோடும் துப்பட்டாவோடும் பக்கத்தில் நிற்க வேண்டாம். டர்போ எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வால் பக்கம் இருக்கிறது. ஓடி நின்ற பிறகு ரொம்ப நேரம் அங்கே கை வைக்க முடியாது.

3. நடுக்கம் எந்த மாதிரி என்று பாருங்கள்

முள் ஆடாமல் நிற்கிறது, ஆனால் உடம்பு முழுக்க அதிர்கிறது என்றால் எஞ்சின் மவுண்ட் மேல் சந்தேகப்படுங்கள். 1,200க்கு ஏற்றினால் அதிர்வு மறையும். ஒருவரை உட்காரவைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சைப் பாதி விடச் சொல்லிப் பானெட்டுக்கு வெளியே பக்கவாட்டில் நின்று பாருங்கள். நேர் முன்னால் நிற்காதீர்கள். எஞ்சின் எழும்பிக் குதித்தால் மவுண்ட் முடிந்தது. இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது.

தாளம் தவறி ‘டுப்’ என்று ஒரு அடி விட்டு விட்டு வந்தால் ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. முள் ஏறி இறங்கி ஊசலாடினால் கணக்கில் வராத காற்று, இல்லையேல் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் அழுக்கு. குளிரில் மட்டும் ஆடி, சூடானதும் சரியானால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரையும் பட்டியலில் சேருங்கள்.

4. எரர் கோடை அழிக்கும் முன் படியுங்கள்

பெரும்பாலான ஒர்க்‌ஷாப்புகளில் ஸ்கேனரை மாட்டியதும் முதலில் செய்வது ‘கிளியர்’. அதோடு எஞ்சின் கம்ப்யூட்டர் பல வாரமாகக் கற்றுவைத்த கணக்கும் போய்விடும். “அண்ணா, அழிக்காதீங்க, முதல்ல போட்டோ எடுத்துக்கிறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எதிர்பார்க்க வேண்டிய கோடுகள்: 17544, அதாவது பி1136, ஐடிலிங்கில் லீன். 17536, அதாவது பி1128, ஓட்டத்தில் லீன். 16684, பி0300, எந்தச் சிலிண்டர் என்று நிலையில்லாத மிஸ்ஸிங். 16685 முதல் 16688 வரை வந்தால் முறையே ஒன்று முதல் நான்கு வரையுள்ள சிலிண்டர்கள். ஒன்றாம் சிலிண்டர் டைமிங் பெல்ட் பக்கம்.

அடுத்து ஃப்யூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம். அரை நாள் வேலையில் அரை மணி இதற்கே கொடுக்கலாம். எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டிய பிறகு, ஏசி அணைத்து, ஸ்கேனரில் மெஷரிங் பிளாக் 032 என்ற ரீடிங் பக்கத்தைத் திறங்கள். முதல் கட்டம் ஐடிலிங்கில் கம்ப்யூட்டர் செய்துகொள்ளும் திருத்தம், இரண்டாவது ஓட்டத்தில் செய்யும் திருத்தம். பிளஸ் என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. இரண்டும் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் தேட வேண்டும்.

எந்தக் கட்டம் ஏறியிருக்கிறது என்பதுதான் கசிவின் இடத்தைச் சொல்லும். சூடான எஞ்சின் ஐடிலிங்கில் நொடிக்கு ஏறக்குறைய 3 கிராம் காற்று இழுக்கும். த்ராட்டிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டை வழியாக அரை கிராம் கூடுதலாக நுழைந்தால், சென்சார் அளந்ததில் ஆறில் ஒரு பங்கு கணக்கில் இல்லாமல் வந்துவிட்டது. திருத்தம் பிளஸ் 16, 17க்குப் போகும். ரோட்டில் 20 கிராம் இழுக்கும்போது அதே அரை கிராம் இரண்டரை சதவீதம்தான். போதாததற்கு, ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் மேனிஃபோல்டில் வேக்கமும் குறையும், ஓட்டை இழுக்கும் காற்றும் குறையும். எனவே:

முதல் கட்டம் ஏறி, இரண்டாவது நார்மல்: த்ராட்டிலுக்குப் பின்னால் வேக்கம் லீக். பிரிவு 6க்குப் போங்கள்.

இரண்டும் பிளஸ்: ஏர் ஃப்ளோ சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள பெரிய ரப்பர் குழாயில் கிழிசல், அல்லது சென்சார் குறைவாக அளக்கிறது, அல்லது பெட்ரோல் பம்ப் சோர்ந்துவிட்டது.

இரண்டாவது மட்டும் பிளஸ்: சென்சார், பெட்ரோல் பிரஷர்.

மைனஸ்: இன்ஜெக்டர் ஒழுகுகிறது, பெட்ரோல் டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தே கிடக்கிறது, அல்லது டர்போ அழுத்தி அனுப்பும் காற்று (பூஸ்ட்) அதற்குப் பின்னால் லீக் ஆகிறது.

ஒரு பொறி உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருந்தால் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அதைப் பார்த்து லீன் என்று சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். இன்டேக் பக்கம் நாள் முழுக்கத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. குளிர் ஸ்டார்ட்டில் பின்பக்கம் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் இதை முதலில் பாருங்கள்.

ஏர் ஃப்ளோ சென்சாரைக் குற்றம் சொல்லும் முன் அதற்கும் ஒரு பரீட்சை வையுங்கள். பிளாக் 002இல் ஐடிலிங்கில் 2 முதல் 4 கிராம் காட்ட வேண்டும். காலியான நெடுஞ்சாலையில், பக்கத்தில் இருப்பவர் லேப்டாப்பைப் பார்க்க, மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால் மேல் ஆர்பிஎம்மில் 110, 120 கிராம் பக்கம் வர வேண்டும். குதிரைத்திறனை 0.8ஆல் பெருக்கினால் வரும் எண் அது. 80லேயே நின்று, குழாயிலும் கிழிசல் இல்லையென்றால்தான் சென்சார் வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும். இதை ஓட்டிக்கொண்டே நீங்களே படிக்க முயலாதீர்கள்.

5. வேக்கம் கேஜ்

மேனிஃபோல்டிலிருந்து ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் மெல்லிய குழாயில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு கேஜை மாட்டுங்கள். குழாயைக் கழற்றும்போது நுனியை முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது, உங்கள் குற்றவாளி அங்கேயே கிடைத்துவிட்டது.

சென்னையில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 18 முதல் 20 அங்குலம் (பாதரச அளவு) வரை ஆடாமல் காட்டும். உயரம் ஏற ஏற 300 மீட்டருக்கு ஒரு அங்குலம் குறையும். கோவையில் ஒரு அங்குலம் குறைந்தால் கவலை வேண்டாம். ஊட்டியில் 12 காட்டினாலும் அது எஞ்சினின் குற்றமில்லை. முள் தாழ்ந்து, ஆனால் நிலையாக நின்றால் லீக் அல்லது டைமிங் தள்ளிப்போனது. சீராக ஒரு இடத்தில் மட்டும் துடித்தால் ஒரு சிலிண்டரின் வால்வு. அப்படியென்றால் ஹோஸ்களை விட்டுவிட்டு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பாருங்கள்.

6. கையும் காதும்: ஹோஸ்களின் வரிசை

இருபது வருடச் சூட்டில் இருந்த ரப்பரைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. மேலே பளபளவென்று இருக்கும், அடியில் வளைவில் கிழிந்திருக்கும். ஒவ்வொன்றையும் விரலால் மடக்கிப் பாருங்கள். இந்த எஞ்சினில் சந்தேகப்பட வேண்டிய வரிசை, என் அபிப்பிராயத்தில், இது.

முதலிடம் மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ள பிரீதர் குழாய்கள். மேனிஃபோல்டு எஞ்சினின் முன்பக்கம் இருக்கிறது. அதற்குக் கீழே, ஆயில் ஃபில்டருக்கு மேலே, ரப்பர் முழங்கைகளும் பிளாஸ்டிக் டி-க்களும் சின்ன ஒன்-வே வால்வுகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எண்ணெய் ஆவி போகும் வழி என்பதால் ரப்பர் ஊறி, கொழகொழவென்றாகி, கிளாம்புக்குப் பக்கத்தில் வாய் பிளக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடியுங்கள். விரலை நீட்டித் தடவினால் கறுப்புக் கூழ் ஒட்டினால், அதுதான். இங்கேயே பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கூட்டித் தரும் ஜெட் பம்ப் என்ற பிளாஸ்டிக் சாமானும் இருக்கும். தொட்டாலே உடையும் வயது அதற்கு, மெல்லத் தொடுங்கள்.

இரண்டாவது பிரேக் பூஸ்டர் குழாயும் அதன் ஒன்-வே வால்வும். எஞ்சினை அணைத்து நாலைந்து தடவை பிரேக்கை அமுக்குங்கள், கல் போலாகும். அமுக்கிக்கொண்டே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கம் வந்து சேரவில்லை. இன்னொரு அறிகுறி: நன்றாக மிதித்து பூஸ்ட் ஏற்றிய உடனே பிரேக் தொட்டால் பெடல் கெட்டியாக இருப்பது. ஒன்-வே வால்வு பழுதாகி பூஸ்ட் காற்று பிரேக் பூஸ்டருக்குள் போகிறது. இதைக் கண்டால் அன்றே காரை நிறுத்திச் சரிசெய்யுங்கள். ஐடிலிங் காத்திருக்கலாம், பிரேக் காத்திருக்காது.

மூன்றாவது டைவர்டர் வால்வு, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மீதி பூஸ்ட் காற்றைத் திருப்பிவிடும் சாமான். கழற்றி, மேலே உள்ள சின்ன முனையை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டே இருந்தால் நல்லது, விட்டுப்போனால் டயஃப்ரம் கிழிந்தது. கையோடு ஒன்று: முந்தைய ஓனர் ‘புஸ்’ சத்தத்துக்காக வெளிக்காற்றில் திறக்கும் ப்ளோ-ஆஃப் வால்வு மாட்டியிருந்தால் அதைக் கழற்றி ஒரிஜினலைப் போட்டுவிட்டு மற்றதைத் தேடுங்கள். அந்த வால்வின் ஸ்பிரிங் இளகியிருந்தால் ஐடிலிங் வேக்கத்திலேயே திறந்து, ஃபில்டர் ஆகாத காற்றை உள்ளே விடும்.

நான்காவது பர்ஜ் வால்வு, என்80. எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒயரைக் கழற்றி, குழாயை உருவி, ஊதிப் பாருங்கள். கரண்ட் இல்லாதபோது அடைத்திருக்க வேண்டும். காற்று போனால் மாற்றுங்கள்.

ஐந்தாவது சில்லறை ஆனால் ஏமாற்றும் ஆட்கள்: ஆயில் மூடியின் ரப்பர், டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங், டிப்ஸ்டிக் நுழையும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் புனல். அது காய்ந்து துண்டு துண்டாக உடையும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் ஐடிலிங் கொஞ்சமாவது மாற வேண்டும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் பிரீதர் அடைத்திருக்கிறது, அல்லது ஏற்கெனவே வேறெங்கோ திறந்து கிடக்கிறது.

அப்புறம் எலி. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் வாரக்கணக்கில் நிற்கும் காராக இருந்தால் மெல்லிய வேக்கம் குழாய்களில் பல் தடம் தேடுங்கள். சிரிக்காதீர்கள், இதுவும் கேள்விப்படாத கதை அல்ல.

கார்ப் கிளீனரை அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பது நம் ஊரில் வழக்கம். டர்போ காரில் வேண்டாம். பின்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கிறது, ஒரு துளி போதும் தீப்பிடிக்க. எஞ்சின் குளிராக ஸ்டார்ட் ஆனதும் சோப்புத் தண்ணீரைக் குழாய் இணைப்புகளில் மட்டும் பீய்ச்சுங்கள். ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே இழுபடும், சத்தம் மாறும். காயில், கனெக்டர் பக்கம் அடிக்காதீர்கள்.

7. ஒவ்வொரு கிளையாக அடையுங்கள்

கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படாவிட்டால் கிளாம்ப் பிளையரை எடுங்கள். எஞ்சின் ஐடிலிங்கில் ஓட, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் குழாய்களை ஒன்றொன்றாக மேனிஃபோல்டுக்கு மிக அருகில் நசுக்குங்கள். பிரேக் பூஸ்டர் குழாய், பர்ஜ் குழாய், பிரீதர் குழாய், மெல்லிய கண்ட்ரோல் குழாய். ஒன்றை நசுக்கியதும் ஐடிலிங் நிமிர்ந்தால், வேக்கம் கேஜ் முள் ஏறினால், கசிவு அந்தக் கிளையில் இருக்கிறது. எல்லாவற்றையும் அடைத்தும் மாறவில்லை என்றால் மேனிஃபோல்டு கேஸ்கட், த்ராட்டில் பாடி கேஸ்கட், இன்ஜெக்டர் ஓ-ரிங் ஆகிய மூன்றும்தான் மிச்சம்.

8. ஸ்மோக் டெஸ்ட், பிரஷர் டெஸ்ட்

ஸ்மோக் மெஷின் உள்ள இடம் உங்கள் ஊரில் இருந்தால் ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்துச் செய்துவிடுங்கள். இந்த முழு வேலையிலும் மனம் நோகாமல் கொடுக்கக்கூடிய காசு அது. முன்பே போனில் கேளுங்கள்: “மெஷின் இருக்கா, நான் பக்கத்துல நின்னு பார்க்கலாமா?” பார்க்கக் கூடாது என்றால் வேறு இடம் போங்கள். புகையை பிரேக் பூஸ்டர் குழாய் வழியாக மேனிஃபோல்டுக்குள் விடச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் பக்கமிருந்து மட்டும் விட்டால், மூடிய த்ராட்டிலைத் தாண்டிப் போதுமான புகை போகாது. பத்து நிமிடமாவது பொறுங்கள். பிரஷர் 1 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது.

டர்போவிலிருந்து த்ராட்டில்வரை உள்ள பூஸ்ட் குழாய்களுக்கு பிரஷர் டெஸ்ட். ஹார்டுவேர் கடையில் பிவிசி எண்ட் கேப் வாங்கி, நடுவில் துளையிட்டு டியூப்லெஸ் டயர் வால்வைச் செருகினால் மூடி தயார். இருநூறு ரூபாய் ஆகாது. ஏர் ஃப்ளோ சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் குழாய் வாயில் மூடியை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிரீதர் குழாயைக் கட்டாயம் நசுக்கி அடையுங்கள். இல்லாவிட்டால் காற்று எஞ்சினின் அடிப்பாகமான கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும். ரெகுலேட்டர் உள்ள கம்ப்ரஸரில் 3 பிஎஸ்ஐயில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள், 10ஐத் தாண்ட வேண்டாம். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். சைலன்சர் பக்கம் லேசாக ‘ஸ்ஸ்’ கேட்டால் பயப்பட வேண்டாம், திறந்திருக்கும் வால்வு வழியாகப் போகிற காற்று.

9. காற்று கசியவில்லை என்றால்

டிரிம் நார்மல், மிஸ்ஸிங் மட்டும் உண்டு என்றால் ஸ்பார்க். பழுதான காயிலைக் கண்டுபிடிக்கப் புது காயில் வாங்கத் தேவையில்லை. மிஸ் காட்டும் சிலிண்டரின் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றி மாட்டுங்கள். கோடு கூடவே போனால் காயில், அங்கேயே நின்றால் பிளக் அல்லது இன்ஜெக்டர். பிளக் முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், பிளக்கை 30 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். எஞ்சின் ஓடும்போதே காயில் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பதை நீட்டிக்காதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரைக் கெடுக்கும்.

பிளக்கும் காயிலும் சரியென்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வர வேண்டும்.

10. பார்ட் வாங்குவது

பிரீதர் ஹோஸ்களை ஒன்றொன்றாக வாங்காமல் கிட்டாக வாங்குங்கள். ஒன்று கிழிந்தால் அதே வயதுள்ள மற்றவையும் ஆறு மாதத்தில் கிழியும், கூலி மறுபடி கொடுக்க வேண்டும். சேதி தெரியாத கடைக்காரர் சாதா சிலிக்கான் ஹோஸைக் கொடுப்பார். வேக்கம், பூஸ்ட் குழாய்க்கு அது நன்றாகவே இருக்கும். எண்ணெய் ஆவி போகும் பிரீதருக்கு அது வியர்க்கும். அங்கே எண்ணெய் தாங்கும் ரப்பர்தான் வேண்டும். ஹீட்டர் ஹோஸை வெட்டிப் போடுவதும் அப்படியே, சில மாதத்தில் உப்பிவிடும்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பிளாஸ்டிக் டி, ஏர் பாக்ஸ், பைப் போன்றவை கிடைக்கும். பழைய ரப்பரை, பழைய ஏர் ஃப்ளோ சென்சாரை, பழைய காயிலை அங்கே வாங்காதீர்கள். புதிய ஏர் ஃப்ளோ சென்சார் வழக்கத்துக்கு மாறாக மலிவாகக் கிடைத்தால் பாஷ் என்று அச்சடித்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். பில்லோடு, பார்ட் எண்ணோடு வாங்குங்கள். மாட்டியதும் பிளாக் 002இல் பாருங்கள், ஐடிலிங்கில் 2க்குக் கீழே காட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள். வெளியூரிலிருந்து வரவழைத்தால் ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை கார் வேண்டும் என்றால் கிழிந்த இடத்தில் செல்ஃப்-ஃப்யூஸிங் ரப்பர் டேப் சுற்றலாம். எண்ணெய் வடியும் பரப்பில் அது ஒட்டாது.

கூலியை முன்பே பேசுங்கள். மேனிஃபோல்டுக்கு அடியில் வேலை என்றால் பாதி நாள் கேட்பது நியாயம். “இன்ஜெக்டர் கிளீனிங்கும் சேர்த்துப் பண்ணிடலாம் சார்” என்பதற்கு இப்போது தலையாட்ட வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்தால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

11. மாட்டிய பிறகு

கோடை இப்போது அழிக்கலாம், பழைய டிரிம் கணக்கும் போகட்டும். த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தால் அடாப்டேஷன் கட்டாயம், அதாவது த்ராட்டிலின் நிலையைக் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வழியாக மறுபடி கற்றுத் தருவது. எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ளவற்றில் பேசிக் செட்டிங் 060, கேபிள் த்ராட்டில் உள்ளவற்றில் 098. சாவி ஆன், எஞ்சின் ஆஃப். இதைச் செய்யாமல் ஓட்டினால் ஐடிலிங் 1,200இல் ஏறி நின்று, புதிதாக ஏதோ கெட்டுவிட்டது போலத் தோன்றும்.

முதல் நாள் ஐடிலிங் முழுச் சுத்தமாக இருக்காது, கம்ப்யூட்டர் மறுபடி கற்க வேண்டும். குளிர் ஸ்டார்ட், சிட்டி ஓட்டம், நெடுஞ்சாலை என்று கலந்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு 032ஐத் திரும்பப் பாருங்கள். முதல் கட்டம் 17லிருந்து 3, 4க்கு வந்திருந்தால் வேலை முடிந்தது. 10லேயே நின்றால் இன்னொரு ஓட்டை இருக்கிறது. இந்த வயதுக் காரில் அது சாதாரணம், பிரிவு 7இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஆர்.சி. புதுப்பிக்கும் தேதி பக்கத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2004 கார்களுக்கு 15 வருடம் 2019இல் முடிந்து, அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25ஐக் கெடு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். காரையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்கட்டும். பிஎஸ்-3 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் வரை அனுமதி. லீக்கை அடைத்த மறுநாளே ஓடாமல், டிரிம் இறங்கியதைப் பார்த்துவிட்டுப் போங்கள். போகும்போது இருபது நிமிடமாவது ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள், வரிசையில் நிற்கும்போது அணைத்துவிடாதீர்கள். ஆறிய கன்வர்ட்டரில் ஹைட்ரோகார்பன் கூடுதலாகக் காட்டும், நல்ல எஞ்சினும் ஃபெயிலாகும்.